அக்காவுக்கு ஒரு வலது காது

திருச்சிக்கு இந்த முறை நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு காது செய்வதற்கு. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் லீவுக் கடிதத்தில் 'குடும்ப விஷயம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம் ஒரு ஸ்கூட்டர் விபத்தில் என் அக்காவின் வலது காது போய்விட்டது. உள்ளே கேட்கிற பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூப்பிட்டால் உடனே திரும்புவாள். வெளியே மடல்தான் இல்லை. அக்கா திருச்சிக்குக் காலேஜ் படிக்கப் போனவள். கூடப் படித்தவரையே கட்டிக்கொண்டு தென்னூரில் தங்கிவிட்டாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விபத்துக்குப் பிறகு நீண்ட லீவில் இருந்தாள். ஜூனில் பள்ளி திறக்கிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும்.

"காயமெல்லாம் ஆறிடுச்சு தம்பி," என்றாள் போனில். "ஆனா போர்டுல எழுதத் திரும்புவேன்ல? நாப்பத்திரண்டு பேரும் என் காதைத்தான் பார்ப்பாங்க. கணக்கை யாரு பார்ப்பா?"

தில்லை நகர் கிளினிக் ஒன்றில் வைதேகி என்கிற பெண் டாக்டர் கம்ப்யூட்டர் உதவியோடு மூக்கு, காதெல்லாம் செய்து தருகிறாராம். செய்த காது ஒட்டி நிற்பதற்காகக் காதோர எலும்பில் சின்னச் சின்னக் காந்தங்களைத் திருகி வைக்கும் ஆபரேஷனைப் பல மாதங்களுக்கு முன்பே அக்கா முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு கிளினிக் இருக்கும் தெருப் பக்கமே போகவில்லை. "நீ சொல்லிக்குடுக்கிற விஷயம்தானாம் எல்லாம். நீ வந்தா போறேன்" என்றாள். இதற்கு மேல் நான் என்ன யோசிப்பது?

நான் சொல்லிக்கொடுப்பது காட்சிக் கணிமை. விஷுவல் கம்ப்யூட்டிங் என்றால்தான் பலருக்குப் புரியும். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் போர்டில் ஒரு மரம் வரைவேன். எடுத்த படத்தின் அழுக்கு நீக்குவது ஒரு கிளை, படத்தில் இருப்பது இன்னதென்று கணினிக்குத் தெரியவைப்பது இன்னொரு கிளை. இல்லாத உருவத்தைக் கணினிக்குள் கட்டி வெளிச்சம் போட்டுக் காட்டுவது, வெறும் எண்களைக் கண்ணுக்குத் தெரியும்படி படமாக்குவது, நிஜ உலகத்தின் மேல் பொய் உருவத்தை ஒட்டவைப்பது என்று மற்ற கிளைகளையும் போடுவேன். பதினைந்து வருடமாக அதே மரம்தான். அதில் ஒரு காய்கூட நான் பறித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஜூன் மாதத்துத் திருச்சி வெயில், ஈப்போவின் மழைக்குப் பழகியவனை வாசலிலேயே உட்காரவைத்துவிடும். அக்கா கதவைத் திறந்தாள். சேலைத் தலைப்பை வலது பக்கம் இழுத்துச் செருகியிருந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிடிப்பு இல்லாததால் ரப்பர் நாடா போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் திருச்சியில் இருந்தும் எங்கள் ஊர்ச் சொல்லை விடவில்லை. காலை உணவுக்கு அப்படிக் கேட்டால் அத்தானுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

அத்தான் அதிகம் பேசாதவர். விபத்து நடந்த அன்று ஸ்கூட்டரை ஓட்டியது அவர்தான். அதற்குப் பிறகு வண்டியை விற்றுவிட்டார், எங்கே போனாலும் பஸ்தான். அன்று காலை எனக்காக வாங்கி வைத்திருந்த வெண்பொங்கலில் மிளகைவிட நெய் அதிகமாக இருந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக் கடைக்காரர் கனவில்கூட இப்படி ஒன்றைப் போடமாட்டார். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை கிளினிக். காத்திருக்கும் இடத்தில் ஒரு மலையாளத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்குப் புது மூக்கு. அது பழையதைவிட எடுப்பாக இருக்கிறது என்று மனைவி மலையாளத்தில் சொன்னதும், அப்படியானால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதும் எனக்கே புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அங்கே வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

வைதேகிக்கு முப்பது வயது இருக்கும். முதலில் அக்காவின் மண்டை ஸ்கேனை எடுத்துப் போட்டார். வெறும் எண்களின் குவியல், எலும்பு ஒரு நிறமும் தோல் ஒரு நிறமுமாகத் திரையில் சுழன்றது. காந்தங்கள் எலும்பில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பதைச் சுட்டிக் காட்டினார். பிறகு ஒரு டேப்லெட்டை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அக்காவுக்கு மாதிரி வலது காது ஒன்று முளைத்தது. அக்கா தலையைத் திருப்பினாள், காது கொஞ்சம் தாமதமாக வந்து ஒட்டிக்கொண்டது.

"பின்னாடியே ஓடி வருது பாரு," என்றாள் என்னிடம். "லேட்டா வர்ற பிள்ளைங்க மாதிரி."

இருக்கிற இடது காதை ஸ்கேன் செய்து, அதைக் கணினியில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப்போட்டு வலது காதாக்குவதுதான் வழி. ஸ்கேன் வெளிச்சத்தில் தோட்டுக் கல் மினுங்கினால் கணக்குக் குழம்பும், கழற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைதேகி கருவியை எடுத்து வர உள்ளே போனார். நான் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தபோது அக்கா தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் முடிந்து திரையில் காது வந்தது. வைதேகி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு கீழ்மடலில் ஓர் இடத்தைக் காட்டினார். "சார், இங்க சின்னதா என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கே?"

என் பேராசிரியர் புத்தி சும்மா இருக்குமா? பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூட இல்லை. "அது நாய்ஸ். ஸ்கேனரோட கிறுக்கல். வழவழப்பாக்கும்போது போயிடும், நீங்க அனுப்பிடுங்க" என்றேன். நான் என்ன பாடம் எடுப்பவன் என்பதை அக்கா ஏற்கனவே பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஸ்கேன் கோப்பை அரியமங்கலத்துக்கு அனுப்பினார்.

அரியமங்கலத்தில் ஆரோக்கியசாமி என்பவருடைய பட்டறை. வண்டிகளுக்கு ரப்பர் பாகம் வார்க்கிற அச்சுகள்தான் அங்கே பெரும்பாலும் செய்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் வைதேகிக்காக ஒரு பிரிண்டர் காது மூக்கெல்லாம் அடித்துத் தருகிறது. வியாழக்கிழமை நானும் அத்தானும் மாதிரியை வாங்கப் போனோம். வெளியே உலோகம் அறுக்கும் சத்தம். உள்ளே வெள்ளைத் துணியில் என் அக்காவின் காது இருந்தது. கீழ்மடலிலிருந்து தீக்குச்சி கனத்துக்கு ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்," என்றார் ஆரோக்கியசாமி. "கோப்புல அப்படித்தான் இருந்துச்சு. வழவழப்பாக்கினதுல இன்னும் கொஞ்சம் தடிச்சிடுச்சு. மெஷினுக்கு என்னங்க தெரியும், குடுத்ததை அடிச்சு வெச்சிருக்கு."

எனக்கு வியர்த்தது வெயிலால் மட்டும் அல்ல. திரும்ப ஸ்கேன், திரும்ப பிரிண்ட் என்றால் திங்கட்கிழமைக்குள் முடியாது. ஆரோக்கியசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயும் பருப்பு வடையும் வரவழைத்தார். முதலில் டாக்டரம்மாகிட்ட காட்டுங்க, தப்பா இருந்தா ராத்திரி பகல் பார்க்காம அடிச்சுத் தரேன் என்றார். முன்பின் தெரியாத மனிதர். அந்த வடையின் ருசி எனக்கு நினைவில்லை, அவர் அதை என் கையில் வைத்த விதம் நினைவிருக்கிறது.

காதைப் பஞ்சில் சுற்றி அத்தானின் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பால்பண்ணை நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, எஞ்சினைப் பார்த்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். ஈப்போவில் இப்படி நின்றால் ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே ஐந்து நிமிடத்தில் மொத்த பஸ்ஸும் ஒரு கடை நிழலில் கூடி ஒருவருக்கொருவர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற காய்கறிக்கூடை அம்மாள் என் கையைப் பார்த்தார்.

"சாப்பாடா தம்பி? வெயில்ல வெச்சிருக்காதீங்க, ஊசிப்போயிடும்."

"சாப்பாடு இல்லம்மா, காது," என்று திறந்தே காட்டிவிட்டேன். அக்காவின் கதையையும் சொன்னேன். மனம் கனத்துக் கிடக்கும்போது யாரிடமாவது சொன்னால் போதும் போலிருந்தது.

அவர் முகம் சுளிக்கவில்லை. குனிந்து, சந்தையில் காய் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு அசலா இருக்கு. ஈர்க்குச்சியைக்கூட விடாம செஞ்சிருக்காங்களே."

"ஈர்க்குச்சியா?"

"ஆமா. தோட்டைக் கழட்டினா வெறுங்காதா விடுவோமா? விளக்குமாத்துக் குச்சியைக் கிள்ளி வெச்சுக்குவோம். தாலி கட்டின கட்டுக்கழுத்தி வெறுங்காதோட இருக்கக் கூடாது, குச்சி இருந்தா ஓட்டையும் தூர்ந்துபோகாது." தன் காதைத் தொட்டுக் காட்டினார். "நீங்க இந்த ஊர் இல்லையா?"

பதினைந்து வருடம் பாடம் நடத்தியவனுக்கும் முப்பது லட்சம் புள்ளிகளை அளந்த கருவிக்கும் தெரியாதது, கத்தரிக்காய்க் கூடையோடு நின்றவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "பின்னே? ஒரு காதுதான் போச்சு, இருக்கிற காதையும் மூளியா வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா? பையிலேயே கொண்டு போயிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீதானே அந்தப் பொண்ணுகிட்ட கிறுக்கல்னு அடிச்சுச் சொன்னே. பெரிய படிப்பு படிச்சவன் சொல்றான், அது அழிஞ்சுபோகும்போலன்னு இருந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு கிளினிக் போனேன். தப்பு என்னுடையது என்று வைதேகியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மாதிரிக் காதைக் கையில் எடுத்து, அந்தக் குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். முன்னால் பார்த்தார், கீழிருந்து பார்த்தார்.

"சார், நான் செஞ்ச எல்லாக் காதுலயும் ஓட்டையைக் குத்துமதிப்பாத்தான் போடுவேன். ஊசி குத்துற மாதிரி நேரா. மாட்டினதும் தோடு தரையைப் பார்க்கும். லேடீஸ் எல்லாரும் அதைத்தான் குறை சொல்லுவாங்க. இது பாருங்க, வருஷக்கணக்கா தோடு போட்ட காதுல ஓட்டை எப்படிச் சரிஞ்சு போகுதுன்னு அப்படியே வந்திருக்கு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வெளியில நீட்டிக்கிட்டு இருக்கறதை வெட்டிட்டு, இதே சாய்வுல துளை போடச் சொல்றேன். திரும்ப பிரிண்ட் எதுக்கு?"

ஆரோக்கியசாமி அன்று சாயங்காலமே அச்சைத் தயார் செய்து, தானே கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு வந்த நிம்மதியில் அன்று தில்லை நகர் ஓட்டலில் இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். அக்காவுக்கும் கட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை வைதேகி எங்களை ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். கிளினிக் டியூப் லைட்டில் நிறம் ஏமாற்றும், அங்கே சரியாகத் தெரிவது வகுப்பு ஜன்னல் வெளிச்சத்தில் பொம்மைக் காதாகத் தெரியும், அதனால் நிறம் சேர்க்கிற வேலையை எப்போதும் மொட்டை மாடியில்தான் செய்வாராம். ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. காற்றில் தலைப்பு விலகாமல் இருக்க அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வைதேகியின் அம்மா வாசலிலேயே, "பெருமாளைச் சேவிச்சேளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும், "முதல்ல காரியம் ஆகட்டும், அவர் எங்கே போயிடப் போறார்? தளிகை ஆயிடுத்து, எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

மாடியில் ஒரு தார்ப்பாய் நிழலில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். கூழ்போல இருந்த சிலிக்கோனில் வைதேகி நிறம் கலந்து, அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். காது என்பது ஒரு நிறம் இல்லை. விளிம்பில் சிவப்பு, குழிக்குள் பழுப்பு, கீழ்மடலில் வேறொன்று. "மஞ்சள் பூசிக் குளிப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் என்றாள் அக்கா. வைதேகி ஊசிமுனை அளவு மஞ்சளைச் சேர்த்தார். நான் வகுப்பில் ஒளி, நிறம் பற்றி எட்டு மணி நேரம் பேசுவேன். இந்த ஒரு கேள்வி அதில் எங்கும் இல்லை.

அச்சில் ஊற்றி, சூடேற்றி, ஆறவைத்தார்கள். அதற்குள் புளியோதரையும் அக்காரவடிசலும் இலைக்கு வந்தன. எங்கள் ஊர்க் கோயில் புளிசாதத்தை இனி நான் எப்படிப் புகழ்வேன் என்று தெரியவில்லை.

காதை அச்சிலிருந்து எடுத்ததும் வைதேகி ஒரு சந்தேகம் சொன்னார். இடது காதைத் திருப்பிப்போட்டது என்பதால் பழைய வலது காதில் இருந்த தனி அடையாளம் எதுவும் இதில் வந்திருக்காது, பழைய போட்டோ இருந்தால் பார்க்கலாம். அத்தான் போனில் தேடி ஒரு கல்யாணப் படத்தை எடுத்தார். கூட்டத்தில் அக்கா பக்கவாட்டில் நிற்கிறாள். நான் பெரிதாக்கினேன். காதின் மேல்விளிம்பில் நாலே நாலு பிக்சல் அளவுக்கு ஏதோ கறுப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி, வெளிச்சம் கூட்டி, கூர்மையாக்கிப் பார்த்தேன். சூடுபட்ட பூனை அல்லவா, இந்த முறை எதையும் அடித்துச் சொல்லவில்லை. "தூசியா இருக்கலாம், படத்தோட பிசிறா இருக்கலாம். என்னால சொல்ல முடியல" என்றேன்.

"தூசி இல்ல. மச்சம்," என்றார் அத்தான்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"முப்பது வருஷமா இவளுக்கு வலது பக்கம்தான் உக்காந்து சாப்பிடறேன்," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எள்ளு அளவு இருக்கும். கறுப்பு இல்ல, காப்பித்தூள் நிறம். படத்துல தெரியறதைவிட இன்னும் கொஞ்சம் பின்னாடி வைங்கம்மா" என்றார்.

வைதேகி வைத்தார். அக்கா எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விபத்து நடந்த நாளிலிருந்து அத்தானிடம் அவள் ஒரு குறையும் சொன்னதில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசினதில்லை என்று எனக்குத் தெரியும். அன்று கோயிலுக்குப் போகும் வழியில் இருவரும் பக்கம் பக்கமாக நடந்தார்கள். நான் வேண்டுமென்றே பின்னால் வந்தேன். பெருமாளிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மோசமான நாள். அக்கா காலையிலிருந்து காதை மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தாள். டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி முன் நிற்பாள், எடுத்துவிடுவாள். மூக்குக் கண்ணாடியின் கம்பி ரப்பர் நாடா இல்லாமல் நிற்கிறது, தோடு நேராகப் பார்க்கிறது, எல்லாம் சரிதான். "நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு," என்றாள். "பிள்ளைங்க கண்டுபிடிச்சிட்டா? நடுவுல கழண்டு விழுந்துட்டா? நாளைக்குப் போறேனா இல்லையான்னு காலைல சொல்றேன்." அத்தானும் நானும் அன்று முழுவதும் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அக்கா கஞ்சி போட்ட சேலையில் வந்து நின்றாள். தலைப்பு தோளில் இருந்தது, தலையில் இல்லை. அத்தான் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனார். மறுநாள் காலை எனக்கு விமானம். பெட்டி கட்டுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு நாள் முழுக்க வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு அக்கா வந்தாள். வலது பக்கம் காது இல்லை. தலைப்பும் மூடியிருக்கவில்லை. அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையில் சுற்றிய காதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது முழுக்க வெள்ளையாக இருந்தது.

"விழுந்துடுச்சாக்கா?"

"எங்கடா விழுந்துச்சு? சாக்பீஸ் தூள் அது." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு சமச்சீர் பாடம். போர்டுல பட்டாம்பூச்சி வரையலாம்னுதான் போனேன். பின்னாடி ரெண்டு பிள்ளைங்க குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. திரும்பினேன். என்னமோ தோணுச்சு, கழட்டிக் கையில வெச்சுக்கிட்டேன். இது என் இடது காதோட பிரதிபலிப்பு, மூக்குதான் சமச்சீர் கோடு, வேணும்னா வந்து சரிபாருங்கன்னு சொன்னேன். வரிசையா வந்தாங்க தம்பி. நாப்பத்திரண்டு பேரும் தொட்டுப் பார்த்தாங்க."

அத்தான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா காதை எடுத்து விரலால் தூளைத் தட்டிப் பார்த்தாள், போகவில்லை.

"இதை சோப்பு போட்டுக் கழுவலாமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு," என்றாள். "நாளைக்கு பி செக்‌ஷனுக்கும் இதே பாடம்தான்."